கீரை பறிக்கப் போன மகனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான மகன் கேலபுக்கு, கடலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து உன் அம்மா மார்ஜரி எழுதிக்கொள்வது. நானும் உன் அப்பாவும் உன் மனைவி சிசிலியும் ஆண்டவர் கிருபையால் தண்ணீரில் கரையாமலும் மீனுக்கு இரையாகாமலும் மசாசுசெட்ஸ் கரைக்கு வந்து சேர்ந்து உயிரும் உடம்புமாய் இருக்கிறோம். நீயும் அங்கே இப்ஸ்விச்சில் மாமா வீட்டில் அவர் ரொட்டியைத் தின்றுகொண்டு சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். கப்பலை விட்டு இறங்கி இத்தனை நாளாகியும் எனக்குத் தரை ஆடுவது நிற்கவில்லை. நேற்று கஞ்சி கிண்டும்போது கப்பல் சாய்கிறதென்று நினைத்து அடுப்பிலிருந்த சட்டியைக் கட்டிப்பிடிக்கப் போனேன், உன் அப்பா சிரித்த சிரிப்பில் கோழிகள் கூரைமேல் ஏறிவிட்டன. காரணமே இல்லாமல் எனக்கும் சிரிப்பு வருகிறது. போதகர் ஃபென் என்னைக் குடித்தவளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார், நான் குடித்ததெல்லாம் தண்ணீர்தான், இங்கே பீர் இல்லாமல் வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு உயிரோடு நடமாடுகிறோம் என்றால் இப்ஸ்விச்சில் யாரும் நம்பப்போவதில்லை.

முக்கியமான சேதியைக் கடைசியில் எழுதலாம் என்று இருந்தேன், கை கேட்கவில்லை. நீ தகப்பனாகப் போகிறாய். ஆமாம், நீதான், கரையில் நின்று கையை வீசிய நீயேதான். பனி விழும் காலத்தில் பிள்ளை பிறக்கும். இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வந்த கப்பலே நாளைக் காலையில் இங்கிலாந்துக்குத் திரும்புகிறது, இந்தக் கடிதம் அதில்தான் வருகிறது, சிசிலியும் அதில்தான் திரும்புவேன் என்று பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி வாசலில் வைத்துவிட்டாள். நிறை வயிறாகப் போகிறவள், புயல் காலம் வேறு வருகிறது, வழியில் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு அடங்கிவிடுகிறது. நானும் சொன்னேன், உன் அப்பாவும் சொன்னார், கேட்கிற பெண்ணாக இருந்தால் உனக்கு வாழ்க்கைப்பட்டிருப்பாளா. ஒருவேளை இந்தக் கடிதத்தை அவளே கொண்டுவந்து உன் கையில் கொடுத்தால், அவளைப் பற்றி நான் எழுதியிருப்பதை அவள் எதிரில் சத்தம் போட்டுப் படித்துவிடாதே.

நீ இல்லாமல் நாங்கள் கிளம்பிய கதையை உனக்கு யாரும் இந்தப் பக்கத்திலிருந்து சொல்லியிருக்க மாட்டார்கள். வைட் தீவில் எதிர்க்காற்றில் நங்கூரம் போட்டுக் கிடந்தபோது கேப்டன் ஹாட்ச் செய்த கூத்து உனக்கே தெரியும். கொடி கொஞ்சம் அசைந்தால் போதும், பீரங்கியை வெடிப்பார், கரையில் இருந்தவர்களெல்லாம் பாதி துவைத்த துணியும் கோழியுமாக விழுந்தடித்து ஓடிவருவார்கள், வந்து ஏறியதும் காற்று படுத்துவிடும். புலி வருது புலி வருது என்று எத்தனை தரம்தான் ஓடுவது. அன்றைக்கு நீ சட்டை துவைத்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி, படகில் தண்ணீர் நிற்கிறதென்று பூட்ஸைக் கழற்றிக் கட்டிலடியில் போட்டுவிட்டு வெறுங்காலோடு இறங்கிப் போனாய். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சமையல்காரனோடு பானைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். வெடிச் சத்தம் கேட்டது, யாரும் சட்டை செய்யவில்லை, இந்தத் தடவை பார்த்தால் நிஜமாகவே காற்று. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, பாய் விரிகிறது, நீ இல்லை. ஓடிப்போய் ஹாட்ச்சின் கையைப் பிடித்தேன். "அம்மா, இந்தக் காத்துக்காக நான் மாசக்கணக்கா தவம் கிடந்தேன். உங்க மகன் வர்ற வரைக்கும் அது நிக்குமா? நீங்களே கேட்டுப் பாருங்க" என்றார் அந்த மனுஷன்.

அப்புறம்தான் உன்னைப் பார்த்தோம். கரையோரமாய்ச் சின்ன உருவமாக ஓடி வந்தாய், கையில் எதையோ வீசினாய். உன் அப்பா அது சட்டை என்றார். பீப்பாய் செய்கிற ட்ரிப்பின் பெண்டாட்டி, உனக்குத்தான் தெரியுமே, வாய் என்றால் அப்படி ஒரு வாய், அத்தனை பேர் நடுவில் "ஓடி வரலடி, போயிட்டு வாங்கன்னு கை காட்டுறான் பாரு. பொண்டாட்டியையும் அம்மாவையும் கப்பல் ஏத்திட்டு நிம்மதியா இருக்கான்" என்றாள். அதோடு விட்டாளா, சாப்பாட்டு நேரத்தில் ஒரு தரம், ஜெபம் முடிந்ததும் ஒரு தரம். உனக்குக் கடலைக் கண்டால் பயம் என்று கப்பல் முழுக்கத் தெரியும். முந்தின நாள் நீதானே சிசிலியிடம் "இந்தத் தீவுலயே ஒரு ஆட்டை வாங்கிக் கட்டிக்கிட்டு இருந்துடலாமா?" என்று கேட்டாய், விளையாட்டுக்குத்தான் கேட்டிருப்பாய், அது முள்ளாகத் தைத்துக் கிடந்தது அவளுக்கு. உன்னைப் பற்றி யார் என்ன சொன்னாலும் வாயே திறக்கவில்லை. நான் மட்டும் என் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை என்று எல்லாரிடமும் சண்டை போட்டேன், சொல்லும்போது எனக்கே பாதிதான் நம்பிக்கை இருந்தது, மன்னித்துக்கொள்.

பிறகு எல்லாருக்கும் வாந்தி. அங்கே நிலம் கண்ணுக்கு மறைந்த நாளிலிருந்து ராஜா வீட்டுப் பிள்ளை கூலிக்காரன் பிள்ளை என்று கடல் பார்க்கவில்லை. கீழ்த்தட்டில் நாற்றம் கத்தியால் வெட்டலாம் என்கிற அளவுக்கு. ஹாட்ச் என்ன செய்தார் தெரியுமா, மேல்தளத்தில் நீளமாக ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, சீக்காளிகளையெல்லாம் தரதரவென்று வெளியே இழுத்து வரச்சொல்லி, கயிற்றுக்கு இரண்டு பக்கமும் நிற்கவைத்து, உடம்பு சூடேறும்வரை பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடச்சொன்னார். இது நடனம் ஆகாதா, ஆகுமானால் பாவம் இல்லையா என்று போதகர் ஃபென் ஒரு மத்தியானம் முழுக்க யோசித்தார், யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கும் குமட்டிக்கொண்டு வந்தது, ஓடிவந்து கயிற்றின் நடுவிலேயே நின்றுகொண்டார். உன் அப்பா ஆடின ஆட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் எனக்காக இடுப்பை அசைத்ததில்லை. கயிறு வேலை செய்தது, ஒவ்வொருவராய்த் தேறி உப்பிட்ட மாட்டுக்கறியைக் கேட்டு வாங்கித் தின்ன ஆரம்பித்தார்கள். சிசிலி மட்டும் தேறவில்லை. எட்டுப் பெற்றவள் நான், வாசல் வழியே நடந்து போகிற பெண்ணைப் பார்த்தே எத்தனை மாசம் என்று சொல்லுவேன் என்று ஊரில் பெருமை அடித்துக்கொண்டவள், என் மருமகள் என் பக்கத்திலேயே படுத்துக்கொண்டு காலையானால் வாளியைத் தேடுகிறாள், நான் அவளுக்கு இஞ்சியை இடித்துக் கொடுத்துவிட்டு, கடல் ஒத்துக்கொள்ளாத உடம்பு, வளர்ப்பு அப்படி என்று திட்டிக்கொண்டிருந்தேன். அவளும் முதல் பிள்ளை என்பதால் ஒன்றும் தெரியாமல் திட்டு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நடுக்கடலில் காற்று அடியோடு நின்றுபோனது. கட்டிப்போட்ட பசுவைப்போல் கப்பல் நின்ற இடத்தில் நிற்கிறது, பீப்பாய்த் தண்ணீர் பச்சை பூத்துவிட்டது, மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்க வேண்டும். போதகர் உபவாச நாள் அறிவித்தார், காலையிலிருந்து பொழுது சாயும்வரை பட்டினியாய் முழங்காலில் நின்று காற்றுக்காக ஜெபித்தோம். ஆண்டவர் கேட்டார், ஆனால் கொஞ்சம் அதிகமாகவே கேட்டுவிட்டார் போல. அடித்த புயலில் பாய்மரம் ஒன்று முறிந்தது, எங்களைக் கீழே போட்டு மூடிவிட்டார்கள், இருட்டில் வெண்ணெய்ப் பீப்பாய் ஒருபக்கம் உருளுகிறது, வாளிகள் ஒருபக்கம் உருளுகின்றன, நான் கெட்டியாய்ப் பிடித்துக்கொண்டு உன் அப்பாவே என்று நினைத்து ஆறுதல் சொன்னது விடிந்து பார்த்தால் ட்ரிப் வீட்டு ஆடு. தலைக்கு மேல் போனபின் சாண் என்ன முழம் என்ன என்று ஒரு கட்டத்தில் பயமே விட்டுப்போய் வேதத்துச் சங்கீதம் பாட ஆரம்பித்தோம், ஆடும் பாடியது. புயல் அடங்கியதும் ஹாட்ச் போதகரிடம் தொப்பியைக் கழற்றி, "ஐயா, அடுத்த தடவை கேக்குறப்போ அளவு சொல்லிக் கேளுங்க" என்றார்.

சிரித்துக்கொண்டே எழுத முடியாத ஒன்றும் நடந்தது. அந்த ஈரத்திலும் குளிரிலும் ட்ரிப்பின் கைக்குழந்தைக்கு நெஞ்சில் சளி கட்டி, இரண்டாம் நாளே போய்விட்டது. அவ்வளவு பேசுகிறவள் ஒரு வார்த்தை பேசாமல் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், யார் கேட்டும் கொடுக்கவில்லை. அவள் வாயால் அத்தனை பேச்சு வாங்கின சிசிலிதான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, தன் நல்ல உள்பாவாடையைக் கிழித்து, அந்தச் சின்ன உடம்பைச் சுற்றித் தைத்தாள். கடலில் இறக்கினபோது சத்தமே கேட்கவில்லை, கேலப். அன்றைக்குப் பிறகு ட்ரிப்பின் பெண்டாட்டி உன் பேச்சை எடுக்கவில்லை.

பிறகு கொள்ளைக்காரர்கள் வந்தார்கள், அதாவது வந்ததாக நினைத்தோம். அடிவானத்தில் நாலைந்து பாய்கள், நேராய் எங்களை நோக்கி. டன்கர்க் துறைமுகத்துக் கொள்ளைக்காரர்கள்தான், பிடித்தால் ஆண்களைக் கடலில் தள்ளுவார்கள், பெண்களை விற்பார்கள் என்று பேச்சு. சண்டையில் தீப்பிடிக்கக் கூடாதென்று வைக்கோல் மெத்தை, தடுப்புப் பலகை, கூடை, பாய் எல்லாவற்றையும் வாரிக் கடலில் எறியச்சொன்னார் ஹாட்ச். சிசிலி தன் மெத்தையை அவளே தூக்கிக் கொடுத்தாள், என் மெத்தையையும் என்னைக் கேட்காமல் தூக்கிக் கொடுத்தாள். கட்டிலடியில் கிடந்த உன் பூட்ஸை ஒரு மாலுமி எடுத்ததும் அதே பூட்ஸைப் பிடுங்கி அவன் மண்டையில் ஒரு போடு போட்டாள் பார். அப்புறம் அதை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, இவ்வளவு ஆசையா என் பிள்ளைமேல் என்று கேட்டேன். "ஆசையா? உங்க பிள்ளைய என்னைக்காவது பார்த்தா மூஞ்சில எறியணும் அத்தை. அதுக்குத்தான் வெச்சிருக்கேன்" என்றாள். அதற்குள் அந்தக் கப்பல்கள் பக்கத்தில் வந்துவிட்டன, பார்த்தால் நம் ஊர் மீன்பிடிக்காரர்கள், ஏன் ஐயா மெத்தையெல்லாம் தண்ணீரில் மிதக்கிறது என்று விசாரித்துவிட்டு எங்களுக்குப் புது மீன் கொடுத்துவிட்டுப் போனார்கள். மலைபோல் வந்தது பனிபோல் போயிற்று, மெத்தையும் போயிற்று. மிச்ச வழியெல்லாம் வெறும் பலகையில் படுத்து என் இடுப்பில் கப்பலின் ஆணி ஒவ்வொன்றும் பதிந்திருக்கிறது.

கரை தெரிவதற்கு முன்னால் கரையின் வாசனை வந்தது, தேவதாரு வாசனை, ஒரு தோட்டத்தையே மூக்கில் வைத்துத் தேய்த்ததுபோல். இறங்கின இடத்தில் புல்லுக்குள்ளே எங்கே பார்த்தாலும் ஸ்ட்ராபெரி. போதகர் நன்றி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டு ஒரு கண்ணைத் திறந்தார், பிள்ளைகள் வாயெல்லாம் சிவப்பு, நானும் முழங்காலில் இருந்தபடியே கைக்கு எட்டினதைப் பறித்தேன், பொய் சொல்வானேன். இந்த மண்ணின் மக்கள் சிலர் மரத்தடியில் நின்று எங்களையே பார்த்தார்கள், கிட்ட வரவில்லை, கப்பல் நாற்றம் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். ஊரே பழத்தில் விழுந்து கிடக்கும்போது சிசிலி மட்டும் தனியாகப் போய், வேலியோரக் கீரை, நம் ஊரில் வயல் வரப்பில் முளைக்குமே புளிப்புக் கீரை, அதைக் கை கையாய்ப் பறித்து ஆடு மேய்வதுபோல் மென்றுகொண்டிருந்தாள். ட்ரிப்பின் பெண்டாட்டி என் விலாவில் இடித்தாள். புயலுக்குப் பிறகு அவள் முழுசாய்ப் பேசின முதல் பேச்சு அது. "அடி மார்ஜரி, உன் மருமக வாந்தி எடுத்தது கடலாலயா, உன் பிள்ளையாலயா?" என்று கேட்டாள். எனக்கு மூளையில் மணி அடித்தது. மசக்கை. எட்டுப் பெற்ற எனக்கு மசக்கை தெரியவில்லை. நான் அங்கேயே ஸ்ட்ராபெரியின் மேல் உட்கார்ந்துவிட்டேன், பாவாடையில் இன்னும் கறை போகவில்லை.

சிசிலி வாயில் கீரையோடு அழுதாள். அப்போதுதான் சொன்னாள். "வைட் தீவுல வாயெல்லாம் புளிப்புக்கு ஏங்குச்சு அத்தை. இதைத்தான் பறிச்சிட்டு வாங்கன்னு கெஞ்சினேன். அவர் சட்டை துவைக்கப் போகல. எனக்குச் சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றாள். அப்படியானால் நீ கரையில் நின்று வீசினது சட்டையில்லை, கைநிறையக் கீரை. உன்னைக் கரையில் நிறுத்தினது கேப்டனும் இல்லை காற்றும் இல்லை, உன் பிள்ளைதான், உருவம் எடுப்பதற்குள்ளேயே அப்பனை வேலை வாங்கிவிட்டது. உன் அப்பா தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் போய் என் மகன் கீரை பறிக்கப் போனான், கீரை பறிக்கப் போனான் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்.

இத்தோடு முடிந்திருந்தால் நல்லது. எங்களுக்குப் பின்னால் கிளம்பின கப்பல் ஒன்று வந்தது, சிசிலி கரைக்கு ஓடினாள், நீ இல்லை. இன்னொன்று வந்தது, அதிலும் நீ இல்லை. இடம் கிடைத்திருக்காது, கப்பல் கூலி கட்ட முடிந்திருக்காது என்று நான் ஆயிரம் சொன்னேன். அவள் சொன்னது இது: "அவர் ஓடிப்போகலன்னு எனக்குத் தெரியும் அத்தை. ஆனா வருவாரான்னு தெரியல. அவருக்குக் கடல்னா பயம். பிள்ளை இருக்குன்னும் தெரியாது. நான் போய்ச் சொல்றேன், கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வரேன்." போகிறவள் எங்கே பெறுவாள், பெற்றால் யார் பிடிப்பார்கள், அந்த நாற்றத்திலும் குளிரிலும் பச்சைக் குழந்தை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, நாங்கள் எல்லாருமே பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம். அவளுக்கும் தெரியும், தெரிந்துதான் பெட்டியைக் கட்டியிருக்கிறாள். இன்றைக்கு இவ்வளவுதான் எழுத முடியும், பொழுது போய்விட்டது.

காலையில் மறுபடி எழுதுகிறேன், எழுத்து கோணலாய் இருந்தால் பயப்படாதே, சிரிப்பினால்தான். ஹாட்ச்சின் ஆட்கள் பெட்டியை எடுக்க வந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ட்ரிப்பின் பெண்டாட்டி வந்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். "தூக்குறதா இருந்தா என்னையும் சேர்த்துத் தூக்குங்கடா" என்றாள். இரண்டு பேர் முயன்று பார்த்தார்கள், இத்தனை உப்புக்கறி தின்றும் அவள் உடம்பு இளைக்கவில்லை, பெட்டி அசையவில்லை. சிசிலி கோபப்பட்டாள், கெஞ்சினாள், எழுந்திருங்கள் கப்பல் போய்விடும் என்றாள். "போகட்டும். எம் பிள்ளைய அந்தத் தண்ணியில விட்டுட்டு வந்திருக்கேன். நீதான் தச்சுக் குடுத்த. உன் பிள்ளைக்கு யாரும் தைக்க வேணாம். நான் எந்திரிக்க மாட்டேன், போ" என்றாள் அவள். பெட்டியைப் பிடித்திருந்த ஆட்கள் கையை எடுத்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஹாட்ச் பீரங்கியை வெடித்தார்.

சிசிலி கடலைத் திரும்பிப் பார்த்தாள். கால் நகரவில்லை. "இந்தச் சத்தம் கேட்டும் ஓடி வரலன்னுதானே அவரை இத்தனை நாள் மனசுக்குள்ள வைதேன். இப்போ எனக்கே கால் வரலையே அத்தை" என்றாள், சொல்லிவிட்டுச் சிரித்தாள் பார், வைட் தீவை விட்டபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது இன்றைக்குத்தான். அவள் சிரிக்க, ட்ரிப்பின் பெண்டாட்டி பெட்டிமேல் உட்கார்ந்தபடி அழுதாள், நான் இரண்டையும் செய்தேன். ஆட்கள் வெறுங்கையோடு போய்விட்டார்கள். ஹாட்ச் இன்னும் கிளம்பவில்லை, முதல் வெடிக்கு அந்த மனுஷன் என்றைக்குக் கிளம்பியிருக்கிறார், அதனால்தான் எனக்கு இதை எழுத நேரம் கிடைத்தது.

ஆகவே கடிதம் தனியாகத்தான் வருகிறது, மகனே, கையைப் பிடித்துக் கூட்டி வர யாரும் வரமாட்டார்கள், நீயாகத்தான் வர வேண்டும். பயமாய் இருந்தால் பயந்துகொண்டே வா, போதகரே அப்படித்தான் வந்தார். வசந்தத்தில் முதல் கப்பலில் இடம் பிடி. எலுமிச்சைச் சாறு ஒரு புட்டி, ஓட்ஸ் மாவு, மூடியுள்ள வாளி ஒன்று கொண்டு வா, வெண்ணெயைக் கப்பலுக்குப் பூசும் தாருக்குப் பக்கத்தில் வைக்காதே, சமையல்காரனை முதல் நாளே சிநேகம் பிடித்துக்கொள். கயிற்றைக் கட்டினால் வெட்கப்படாமல் ஆடு. மெத்தையில் மட்டும் காசைப் போடாதே. எங்கே நங்கூரம் போட்டாலும் யார் எதைக் கேட்டாலும் கரைக்கு இறங்காதே. வெடிச் சத்தம் கேட்டால், அது பத்தாவது பொய்யாக இருந்தாலும், ஓடு. ஆண்டவர் உன்னைத் தம் உள்ளங்கையில் ஏந்தி இந்தக் கரையில் கொண்டுவந்து இறக்குவாராக, உன் பிள்ளை பல் முளைத்து உன்னைக் கடிக்கக் காத்திருப்பானாக. மாமாவுக்கு எங்கள் அன்பு.

இதோ இரண்டாவது வெடி, முடிக்கிறேன். சிசிலி பெட்டியைப் பிரித்துவிட்டாள். உன் பூட்ஸை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் பன்றிக்கொழுப்பு கேட்கிறாள், உப்புக்காற்றில் தோல் வெடித்திருக்கிறதாம். மூஞ்சியில் எறியப் போகிற பூட்ஸுக்கு எதற்கடி கொழுப்பு என்று கேட்டேன். "இங்க சேறு அதிகம் அத்தை, அவருக்குக் கால் ஊறிப்போகும்" என்று குனிந்தபடி தேய்த்துக்கொண்டிருக்கிறாள். புது பூட்ஸ் வாங்கிவிடாதே, கேலப். கால்களை மட்டும் கொண்டு வா.

இப்படிக்கு,
இன்னும் தரை ஆடிக்கொண்டிருக்கும் உன் அம்மா,
மார்ஜரி